கேட்டதற்கு மட்டும் கொடுத்த விவரம்: சிறிய இணையதளங்களும் தனிநபர் தரவும்
வாசகர் கேள்வி - பதில்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், சிறிய அளவில் இணையதளம் நடத்துவோரும் அத்தகைய தளங்களில் தங்கள் விவரங்களைக் கொடுத்தோரும் எழுப்பியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் வெளியிடுகிறோம். பதில் சொல்வதற்குப் பெயர் தேவைப்படவில்லை.

கேள்வி: சிறிய பட்டுப்புடவைக் கடை ஒன்றை நடத்துகிறோம். எங்கள் இணையதளத்தில் ஆர்டர் கொடுப்பவரின் பெயர், முகவரி, செல்பேசி எண் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் நாங்கள் வாங்குவதில்லை. பெரிய நிறுவனங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட சட்டம் எங்களையும் கட்டுப்படுத்துமா? (ஆரணி)

பதில்: கட்டுப்படுத்தும். 2023ஆம் ஆண்டின் இச்சட்டம், இவ்வளவு வாடிக்கையாளர்களுக்கு மேல் இருந்தால்தான் பொருந்தும் என்று எந்த எண்ணிக்கையையும் வரம்பாக வைக்கவில்லை. டிஜிட்டல் வடிவில் பெறப்பட்ட விவரமோ, தாளில் எழுதி வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றப்பட்ட விவரமோ, எதுவாயினும் அதன் வரம்புக்குள் வந்துவிடும். தனிப்பட்ட, குடும்பத் தேவைக்காக ஒருவர் வைத்துக்கொள்ளும் விவரங்களுக்கு இது பொருந்தாது. கடையின் வாடிக்கையாளர் பட்டியல் அந்த வகையில் அடங்காது. சில வகை நிறுவனங்களுக்கு, குறிப்பாகப் புதிதாகத் தொடங்கப்பட்ட தொழில் நிறுவனங்களுக்கு, சில கடமைகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை 17ஆம் பிரிவு மத்திய அரசுக்குத் தருகிறது. ஆனால் அப்பிரிவின் மூன்றாம் உட்பிரிவு எண்ணிச் சொல்லும் கடமைகளில், தரவைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமையும் கசிவு நேர்ந்தால் தெரிவிக்கும் கடமையும் இடம்பெறவில்லை. சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. அந்த அறிவிக்கையின்படி முதன்மையான கடமைகள் 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை, தரவைப் பாதுகாக்கத் தவறினால் இழப்பீடு தரச் சொல்லும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன்கீழ் வந்த 2011ஆம் ஆண்டின் விதிகளும் செயல்பாட்டில் இருக்கின்றன. தனி உரிமையாளர் நடத்தும் கடையும் அந்தப் பிரிவின் வரையறைக்குள் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

புடவை வாங்குபவர் தம் முகவரியைத் தாமாகவே தருகிறார்; அதை வைத்துப் பொட்டலத்தை அனுப்புவதற்குத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது: மருந்துக் கடையில் பொருள் வாங்கிய ஒருவர், பணம் பெற்றதற்கான குறுஞ்செய்தியை அனுப்பும்படி கேட்டுத் தம் எண்ணைக் கொடுத்தால், அந்தச் செய்தியை அனுப்புவதற்கு அந்த எண்ணைக் கடை பயன்படுத்தலாம். அந்த ஒரு வேலைக்குத்தான் அனுமதி. அதே எண்ணுக்குத் தீபாவளித் தள்ளுபடி விளம்பரம் அனுப்புவதும், வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல் சேர்ப்பதும் வேறு நோக்கங்கள். அவற்றுக்குத் தனியாகக் கேட்டு ஒப்புதல் பெற வேண்டும். குழுவில் சேர்த்துவிட்டால் ஒரு வாடிக்கையாளரின் எண் முன்பின் அறியாத மற்றவர்கள் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது என்பதால், இந்த வழக்கத்தை உடனே கைவிடும்படி வலியுறுத்துகிறேன்.

“வேறெதையும் வாங்குவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டு வாங்காமலே உங்கள் தளத்தில் சேர்ந்துகொண்டிருக்கும் விவரங்களையும் பார்க்க வேண்டும். ஒருவர் தளத்தைத் திறந்த நொடியிலேயே அவருடைய ஐ.பி. முகவரி, நேரம், எந்தப் பக்கத்தைத் திறந்தார், எந்தத் தளத்திலிருந்து வந்தார், எந்த உலாவியைப் பயன்படுத்துகிறார் ஆகியவை சர்வரின் பதிவேட்டில் தாமாகவே எழுதப்படுகின்றன. வருகையாளர்களை எண்ணுவதற்காகச் சேர்த்த கருவி, கடைக்கு வழிகாட்டும் கூகுள் வரைபடம், சமூக ஊடகங்களின் பொத்தான் ஆகிய ஒவ்வொன்றும் பக்கம் திறக்கும்போதே அந்தந்த நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு கொள்கின்றன. பொத்தானை எவரும் தொடவே வேண்டியதில்லை. ஜெர்மனியில் இணையவழி ஆடை விற்கும் ‘ஃபேஷன் ஐடி’ நிறுவனம் பேஸ்புக்கின் ‘லைக்’ பொத்தானை வைத்ததற்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்று நிற்க நேர்ந்தது. தரவைத் திரட்டி அனுப்பும் அந்தக் கட்டத்துக்குத் தளத்தை நடத்துபவரும் கூட்டாகப் பொறுப்பு என்று 2019 ஜூலை 29 அன்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு இந்தியாவில் செல்லாது. ஆனால் இத்தகைய பொத்தான்கள் வேலை செய்யும் முறை ஆரணியிலும் அதேதான்.

எனவே தளத்தை வடிவமைத்தவரிடம், எந்தெந்த வெளி நிறுவனங்களின் நிரல்கள் அதில் இருக்கின்றன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயன்படுத்தாதவற்றை நீக்கச் சொல்லுங்கள். விற்பனை பில்களைச் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அதை வரிக் கணக்கோடு தனியே வையுங்கள். ஆர்டர் படிவத்தில் பிறந்த தேதி, திருமண நாள் என்று ஏதேனும் கட்டங்கள் இருந்தால், புடவையை அனுப்புவதற்கு அவை பயன்படாத நிலையில், எடுத்துவிடுங்கள். அட்டை எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். ரிசர்வ் வங்கியின் கட்டளைப்படி 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைச் சேமித்து வைக்கவே கூடாது, பணம் செலுத்தும் சேவை நிறுவனம் அதைக் கவனித்துக்கொள்ளும். ஆனால் தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும் ஊழியர் அட்டை எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள்.

கேள்வி: எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘குக்கீகளை ஏற்கிறீர்களா’ என்று கேட்கிறது. ஏற்காவிட்டால் தளம் இயங்காதா? (திருநெல்வேலி)

பதில்: பெரும்பாலும் இயங்கும். குக்கீ என்பது தளம் உங்கள் உலாவியில் எழுதி வைத்து, அடுத்த முறை திரும்பப் படித்துக்கொள்ளும் சிறு குறிப்பு. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி இதை உருவாக்கினார். இணையக் கடையில் ஒருவர் தேர்ந்தெடுத்த பொருள்களை அடுத்த பக்கத்துக்குப் போகும்போதும் நினைவில் வைத்திருப்பது போன்ற தேவைகளே அதற்குக் காரணம். அத்தகைய குக்கீ இல்லாவிட்டால் ஆர்டர் கொடுக்க முடியாது. மற்ற தளங்களிலும் உங்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதற்கான குக்கீ இல்லாவிட்டால் உங்களுக்கு எந்தக் குறையும் நேராது. இரண்டையும் ஒரே பொத்தானில் கட்டிக் கேட்கும் தளத்தில் ‘மறுக்கிறேன்’ என்பதைத் தேடி அழுத்துங்கள். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. நம் சட்டமும், ஒப்புதல் என்பது தெளிவான செயலின் மூலம் சுதந்திரமாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் நிபந்தனையின்றியும் தரப்பட வேண்டும் என்றே சொல்கிறது.

கேள்வி: என் மகளுக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு, எங்கள் சமூகத்தினர் நடத்தும் திருமணத் தகவல் இணையதளத்தில் அவளுடைய ஜாதகத்தையும் புகைப்படத்தையும் கொடுத்திருந்தேன். அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. கேட்டால், ‘பதிவை நீக்கும் வசதி எங்களிடம் இல்லை’ என்கிறார்கள். என்ன செய்யலாம்? (நாமக்கல்)

பதில்: ஐயா, உங்கள் வருத்தம் முற்றிலும் நியாயமானது. ஒரு திருமணப் பதிவில் இருக்கும் அளவுக்கு ஒருவரைப் பற்றிய விவரங்கள் ஒரே இடத்தில் வேறெங்கும் சேர்வதில்லை. பிறந்த தேதி, நேரம், ஊர், நட்சத்திரம், குலம் அல்லது கோத்திரம், குலதெய்வம், படிப்பு, வேலை செய்யும் நிறுவனம், மாதச் சம்பளம், தந்தையின் தொழில், உடன்பிறந்தோர், சொந்த வீடும் நிலமும், வீட்டுத் தொலைபேசி எண், முழுப் படம் என அனைத்தும் அதில் இருக்கின்றன. மகள் பெயரைச் சொல்லி, குலதெய்வக் கோயிலின் பெயரையும் சேர்த்துச் சொல்லித் தொலைபேசியில் பேசும் ஒருவரை எந்தக் குடும்பமும் உறவினர் என்றே நம்பும். பிறந்த தேதியும் தாய் தந்தையர் பெயரும் வங்கிகள் தொலைபேசியில் ஆளை உறுதி செய்துகொள்ளக் கேட்கும் கேள்விகளாகவும் இருக்கின்றன. ஆகவே பழைய பதிவு கிடந்தால் என்ன என்று அத்தளத்தினர் நினைப்பது பெரிய தவறு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். விவரத்தைக் கொடுத்தது நீங்கள் என்றாலும், சட்டத்தின் பார்வையில் அந்தத் தரவுக்கு உரியவர் வயது வந்த உங்கள் மகள். எனவே கோரிக்கை அவருடைய பெயரில், அவருடைய மின்னஞ்சலிலிருந்து போவது நல்லது. “என் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், இன்ன பதிவு எண்ணுக்குரிய பக்கத்தையும் படத்தையும் ஜாதகக் கட்டத்தையும் நீக்கி, நீக்கியதை எழுத்தில் உறுதி செய்யுங்கள்” என்று எழுதினால் போதும். காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்தின் இணைய முகவரியையும் திரைப் படத்தையும் தேதியோடு சேமித்து வையுங்கள்.

இன்றைய நிலையில் 2011ஆம் ஆண்டின் விதிகளே உங்களுக்குத் துணை. தகவலைக் கொடுத்தவர் எழுத்து மூலம் எந்நேரமும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்றும், குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்து ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. புதிய சட்டத்தின் பிரிவுகள் நடைமுறைக்கு வந்த பிறகு நிலை இன்னும் வலுவாகும்: ஒப்புதலைக் கொடுத்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ, அதைத் திரும்பப் பெறுவதும் அதே அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. எனவே ‘வசதி இல்லை’ என்பது அப்போது பதிலாகவே ஏற்கப்படாது. நோக்கம் நிறைவேறிவிட்டால், யாரும் கேட்காமலே அழிக்க வேண்டும் என்பது 8ஆம் பிரிவு. அப்போது குறைகளைத் தீர்ப்பதற்கு அதிகபட்சம் 90 நாள்கள். அதன் பிறகு இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அணுகலாம்.

ஒரு மறுப்பை அவர்கள் முன்வைக்கக்கூடும். அரசு சட்டப்படி கேட்கும் நிலை ஏற்பட்டால் தருவதற்காகத் தனிநபர் தரவையும் அதைக் கையாண்ட பதிவுகளையும் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2025ஆம் ஆண்டின் விதிகளில் இருக்கிறது. அந்த விதி தளம் தனக்குள் சேமித்து வைப்பதைப் பற்றியது. மணமான ஒரு பெண்ணின் படத்தை ஊரார் பார்வைக்குத் தொடர்ந்து வைத்திருப்பதற்கு அதில் எந்த அனுமதியும் இல்லை. பக்கம் நீக்கப்பட்ட பிறகும் கூகுள் தேடலில் பழைய குறிப்போ படமோ தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோருவதற்குக் கூகுளே வைத்திருக்கும் படிவத்தை எவரும் நிரப்பி அனுப்பலாம்.

இத்தகைய தளங்களை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். சமூகத் தொண்டாகச் செய்கிறீர்கள் என்பதை அறிவேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முடிவு நாளைத் தொடக்கத்திலேயே வையுங்கள். அந்த நாளில் குடும்பத்தாரைக் கேட்டுவிட்டு நீட்டியுங்கள், பதில் வராவிட்டால் மறைத்துவிடுங்கள். முழு ஜாதகமும் தொலைபேசி எண்ணும் உறுப்பினர் நுழைவுக்குப் பின்னால் இருக்கட்டும். பொதுப் பக்கத்தில் வயதும் படிப்பும் மாவட்டமும் போதும்.

கேள்வி: எங்கள் பள்ளியின் இணையதளத்தை ஆசிரியையான நான்தான் கவனித்துக்கொள்கிறேன். பரிசு பெற்ற மாணவர்களின் படம், வகுப்பு, பிறந்த நாள், பெற்றோர் பெயர் ஆகியவற்றை வெளியிட்டு வருகிறோம். சேர்க்கை விண்ணப்பத்தோடு ஆதார் நகலையும் பதிவேற்றச் சொல்கிறோம். இதில் மாற்ற வேண்டியது என்ன? (மன்னார்குடி)

பதில்: நம் சட்டத்தில் 18 வயது நிறையாத அனைவரும் குழந்தைகளே. அவர்களுடைய தரவைக் கையாள, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும்; அவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. கல்வி நிறுவனங்களுக்கு இதில் ஒரு விலக்கு தரப்பட்டிருக்கிறது. ஆனால் அது கல்விச் செயல்பாட்டுக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் கண்காணிப்பதோடு நின்றுவிடுகிறது. ஆண்டுவிழாப் படத்தை உலகத்துக்கு வெளியிடுவதை அந்த விலக்கில் அடக்க முடியாது. இந்தக் கடமையை மீறினால் விதிக்கக்கூடிய தண்டத்தின் உச்சவரம்பு 200 கோடி ரூபாய். உங்கள் பள்ளிக்கு அவ்வளவு விதிக்கப்படும் என்று அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சட்டம் குழந்தைகளின் தரவுக்கு எந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது என்பதை அந்தத் தொகை காட்டுகிறது.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டும் யோசிப்போம். பரிசு வாங்கிய குழந்தையைப் பாராட்ட அதன் படமும் பெயரும் தேவைப்படலாம். பிறந்த நாளும் தந்தையின் பெயரும் எதற்கு? படத்தோடு பெயர், வகுப்பு, பள்ளி, ஊர் ஆகியவை சேர்ந்தால், பள்ளி வாசலில் நின்று பெயர் சொல்லி அழைக்கும் எவரையும் அந்தக் குழந்தை தெரிந்தவராக நினைத்துவிடும். கூட்டமாக எடுத்த படத்தைப் பெயரின்றி வெளியிடுங்கள். பெயரோடு வெளியிட விரும்பினால், சேர்க்கையின்போது வாங்கும் பொதுவான கையெழுத்தை நம்பாமல், அந்தப் படத்துக்கென்று பெற்றோரிடம் கேளுங்கள். மறுக்கும் பெற்றோரிடம் காரணம் கேட்காதீர்கள். பிரிந்து வாழும் தாய் ஒருவர் தம் குழந்தை எந்த ஊரில் படிக்கிறது என்பது தெரியக் கூடாது என்று கருதலாம், அதை உங்களிடம் சொல்ல அவருக்கு விருப்பமில்லாமலும் இருக்கலாம். பழைய ஆண்டுகளின் பக்கங்களை நீக்குவதையும் இந்தக் கோடை விடுமுறை வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இருக்கும் பிள்ளைகள் இப்போது கல்லூரியிலோ வேலையிலோ இருப்பார்கள்.

ஆதாரைப் பொறுத்தவரை, பள்ளிச் சேர்க்கைக்கு அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று வழங்கிய தீர்ப்பில் தெளிவாகக் கூறியிருக்கிறது. அரசின் ஏதேனும் உதவித்திட்டத்துக்காகத் தேவைப்பட்டால், அதற்குரிய அரசுத் தளத்தில் அந்த நேரத்தில் பதிவு செய்யலாம். உங்கள் இணையதளத்தின் சர்வரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் 12 இலக்க எண்கள் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. பெற்றோர் தாமாக நகல் கொடுக்க விரும்பினால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அதற்குரிய ஆணையத்தின் தளத்திலிருந்தே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றுக்காகத் தொண்டர்களாகச் சேர்ந்து ஓர் இணையதளம் நடத்துகிறோம். இலாப நோக்கம் இல்லாத எங்களுக்கும் ஐரோப்பியச் சட்டம் பொருந்துமா? (டோர்ட்முண்ட்)

பதில்: பொருந்தும், உங்களைப் போன்ற ஒரு தொண்டரின் வழக்கிலேயே இது முடிவாகிவிட்டது. சுவீடனில் தேவாலயத் தொண்டு செய்துவந்த ஒரு பெண், உடன் பணியாற்றியவர்களின் பெயர், தொலைபேசி எண், பொழுதுபோக்கு ஆகியவற்றைத் தம் இணையப் பக்கத்தில் நல்லெண்ணத்தோடு எழுதினார். ஒருவருக்குக் காலில் அடிபட்டு மருத்துவ விடுப்பில் அரை நேரம் வேலை செய்கிறார் என்பதையும் சேர்த்திருந்தார். இணையத்தில் எவரும் பார்க்கும்படி வெளியிட்டதை வீட்டுத் தேவை என்று கருத முடியாது, காலில் அடிபட்ட செய்தி உடல்நலம் பற்றிய தரவு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003 நவம்பர் 6 அன்று கூறியது. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் இதே நிலையைத் தொடர்கிறது.

தமிழ் எழுத்துருக்களுக்காகக் கூகுளின் எழுத்துருச் சேவையை நேரடியாக இணைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். அவ்வாறு இணைத்த ஒரு தளம், வருகையாளரின் ஐ.பி. முகவரியை அவர் ஒப்புதலின்றிக் கூகுளுக்கு அனுப்பியதாக, மியூனிக் மாவட்ட நீதிமன்றம் 2022 ஜனவரி 20 அன்று 100 யூரோ இழப்பீடு விதித்தது. எழுத்துருக் கோப்பைப் பதிவிறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் பயிற்சி மையத்தில் பதிவு செய்த மாணவர்களின் பட்டியல் அடங்கிய எக்செல் கோப்பு கூகுளில் தேடினாலே கிடைக்கிறது என்று ஒரு மாணவர் சொன்னார். இணையதளத்தின் ஏதோ ஒரு ஃபோல்டரில் கிடந்திருக்கிறது. அழித்துவிட்டோம். இத்துடன் விட்டுவிடலாமா? தண்டம் விதிப்பார்களா? (மதுரை)

பதில்: விட்டுவிடக் கூடாது. கோப்பை அகற்றியது சரி. ஆனால் சர்வரின் பதிவேட்டை அழித்துவிடாதீர்கள். அந்தக் கோப்பை எத்தனை முறை, எந்தெந்த முகவரிகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட கட்டளைப்படி, தரவுக் கசிவை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அவ்வமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்கவும் வேண்டும். நேரம் கடந்திருந்தாலும் இப்போதே தெரிவியுங்கள். புதிய விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்த பின், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் உடனே தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை தர வேண்டும். அந்தக் கட்டாயம் வரும் வரை காத்திராமல் மாணவர்களுக்கு இன்றே சொல்லுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பட்டியலில் அவர்களுடைய செல்பேசி எண்ணும் அவர்கள் எழுதும் தேர்வின் பெயரும் இருந்திருக்கும். “தேர்வாணையத்திலிருந்து பேசுகிறோம்” என்று நாளை ஓர் அழைப்பு வந்தால், எச்சரிக்கப்பட்ட மாணவர் ஓ.டி.பி.யைச் சொல்ல மாட்டார். எச்சரிக்கப்படாதவர் சொல்லிவிடக்கூடும்.

கோப்பு அங்கே கிடந்ததற்கான காரணத்தையும் தேடிப் பாருங்கள். படிவத்தில் நிரப்பியவற்றை எக்செல்லாக இறக்கி, ஒருவருக்கு அனுப்புவதற்காகத் தளத்திலேயே ஏற்றி, பிறகு மறந்துபோவதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்த ஃபோல்டரின் பெயரை ரோபாட்ஸ் கோப்பில் எழுதிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்தக் கோப்பு தேடுபொறிகளுக்கான வேண்டுகோள் மட்டுமே, அதை எவரும் திறந்து படிக்கலாம்; மறைக்க விரும்பும் இடத்தின் பெயரை அங்கே எழுதுவது கதவின் மீது சாவி இருக்கும் இடத்தை எழுதி வைப்பதற்கு ஒப்பாகும். ஃபோல்டரின் உள்ளடக்கம் பட்டியலாகத் தெரியும் வசதியை ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சொல்லி அணைக்கச் சொல்லுங்கள். வேலையை விட்டுச் சென்றவர்களின் நுழைவுக் கணக்குகளை நீக்குங்கள்.

மாணவர்களின் கடவுச்சொற்களை எப்படிச் சேமித்திருக்கிறீர்கள் என்றும் வடிவமைத்தவரிடம் கேளுங்கள். ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பும் தளம், அதை மீண்டும் படிக்கக்கூடிய வடிவில் வைத்திருக்கிறது என்று பொருள். ராக்யூ என்ற நிறுவனம் 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்களை அப்படியே எழுத்துவடிவில் வைத்திருந்து 2009 டிசம்பரில் இழந்தது. அந்தப் பட்டியலை மற்ற தளங்களில் நுழைந்து பார்ப்பதற்கு இன்றும் பயன்படுத்துகிறார்கள். திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றிச் சேமிக்கும் பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற முறைகள் செலவில்லாமல் கிடைக்கின்றன.

தண்டம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை என்பது உச்சவரம்பு. மீறலின் தன்மை, கால அளவு, பாதிப்பைக் குறைக்க உடனே என்ன செய்தார்கள் ஆகியவற்றைப் பார்த்தே வாரியம் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூடி மறைத்தவருக்கு அங்கே சொல்வதற்கு எதுவும் இருக்காது.

கேள்வி: கடலைமிட்டாய் விற்கும் எங்கள் தளத்தில், வடிவமைத்தவர் எங்கிருந்தோ எடுத்த ஆங்கிலத் தனியுரிமைக் கொள்கையைப் போட்டிருக்கிறார். அதுவே போதுமா, தமிழில் வேண்டுமா? (கோவில்பட்டி)

பதில்: போதாது. வேறொரு நிறுவனம் எதைத் திரட்டுகிறது என்பதைச் சொல்லும் அந்தப் பக்கம், உங்கள் தளம் எதைத் திரட்டுகிறது என்பதைச் சொல்வதில்லை. நீங்கள் செய்யாத வாக்குறுதிகளையும் உங்கள் பெயரில் கொடுத்துவிடுகிறது. புதிய சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. உங்கள் வாடிக்கையாளர்கள் தமிழில் ஆர்டர் கொடுக்கும்போது, அறிவிப்பு அவர்களுக்குப் புரியாத நடையில் இருப்பதில் பொருளில்லை. ஒரு மாதிரியைத் தருகிறேன். உங்கள் நடைமுறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். உண்மையில் நீங்கள் செய்யாத எதையும் இதில் எழுத வேண்டாம்.

“நீங்கள் ஆர்டர் கொடுக்கும்போது பெயர், முகவரி, செல்பேசி எண் ஆகியவற்றை வாங்குகிறோம். பொருளை அனுப்பவும், அது பற்றித் தெரிவிக்கவும், பில் போடவும் மட்டும் இவற்றைப் பயன்படுத்துவோம். முகவரியும் எண்ணும் கூரியர் நிறுவனத்துக்குத் தரப்படும். வேறு எவருக்கும் தரப்படமாட்டா. பில் விவரங்களை வரிச் சட்டம் கோரும் காலம் வரை வைத்திருப்போம். தளத்தின் பாதுகாப்புக்காக உங்கள் ஐ.பி. முகவரி சர்வரில் பதிவாகிறது. சட்டம் கோரும் காலம் முடிந்ததும் அது அழிக்கப்படும். புதிய பொருள்கள் பற்றிய செய்தி வேண்டுமானால் மட்டும் கீழே உள்ள கட்டத்தில் டிக் செய்யுங்கள். வேண்டாமென்று எப்போது சொன்னாலும் நிறுத்திவிடுவோம். உங்கள் விவரங்களைப் பார்க்கவும் திருத்தவும் நீக்கவும் இந்த எண்ணிலும் மின்னஞ்சலிலும் கேட்கலாம். எங்கள் பதிலில் நிறைவில்லையென்றால் இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் முறையிடலாம்.”

இதைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் வைக்காமல், ஆர்டர் பொத்தானுக்கு மேலே வையுங்கள். கடைசியாகத் திருத்திய தேதியைக் குறிப்பிடுங்கள். வாரியத்தைப் பற்றிய வரியை, முறையீடு தொடர்பான பிரிவுகள் நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். மற்ற வரிகளை இன்றே தளத்தில் ஏற்றலாம். அதற்கு முன், ஆர்டர் விவரங்கள் உங்களைத் தவிர வேறு யாருடைய செல்பேசிக்குப் போகின்றன என்று வடிவமைத்தவரிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.